ரைஸ் மில்லை விட்டுவிட்டு கொடைக்கானல் எதற்கு?

கேள்வி: அண்ணா, நாங்கள் நான்கு பேர் (பாடகி, கிடார், டிரம்ஸ், கீபோர்டு) சேர்ந்து இரண்டு வருடமாக ஒரு பாப் இசைக்குழு நடத்துகிறோம். ஊர் திருச்சி. கல்லூரி விழா மூன்று, கல்யாண ரிசப்ஷன் இரண்டு என்று வாசித்திருக்கிறோம். முதல் சொந்தப் பாட்டு ரெடி, 4 நிமிடம் 52 விநாடி. வெளிநாட்டுக்குப் போகும் தோழியை வழியனுப்பும் பாட்டு, ஆனால் ஆடவைக்கும் தாளம். வீடியோ எடுக்க ஒன்றரை லட்சம் சேர்த்திருக்கிறோம். கொடைக்கானலில் இரண்டு நாள், ட்ரோன், ஒரு பழைய ஜீப், காதல் தோல்விக் கதை, அதில் நடிக்க வெளியிலிருந்து ஒரு ஜோடி. இடையிடையே நாங்கள் மலை உச்சியில் வாசிப்போம். கேமரா வைத்திருக்கும் நண்பன் எடுத்துத் தருவதாகச் சொல்கிறான். பணம் போதுமா? எங்களுக்குச் சரியான ஸ்டூடியோ கிடையாது. மணச்சநல்லூரில் ஓடாமல் கிடக்கும் என் மாமாவின் ரைஸ் மில்லில்தான் ஒத்திகை, அதனால்தான் வெளியூர் போக வேண்டியிருக்கிறது. எடுத்த பிறகு எப்படி ஆட்களிடம் கொண்டுபோவது என்றும் சொல்லுங்கள்.
(கீபோர்டு வாசிப்பவர், திருச்சி)

பதில்: தம்பி, ஒன்றரை லட்சம் ஒரு நல்ல வீடியோவுக்குப் போதும். நீங்கள் எழுதியிருக்கும் வீடியோவுக்குப் போதாது.

கொடைக்கானல் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். உங்கள் நான்கு பேர், நடிக்க இரண்டு பேர், கேமரா, லைட், மேக்கப், எடுபிடி எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டு பேருக்குக் குறையாது. வேன், இரண்டு ராத்திரி ரூம், ஆறு வேளைச் சாப்பாடு, பேட்டா. கேமராவைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே பாதிப் பணம் போயிருக்கும். வனத்துறை இடமென்றால் அனுமதி வாங்க வேண்டும், ட்ரோனுக்குத் தனியாக. இதெல்லாம் சரியாக அமைந்தாலும் மத்தியானம் இரண்டு மணிக்குப் பனி இறங்கிவிட்டால் அன்றைய கால்ஷீட் முடிந்தது. மலைக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் டீக்கடையில் உட்கார்ந்து பனியைத் திட்டியதுதான் அதிகம்.

பணத்தைவிட எனக்கு உறுத்துவது அந்த ஜோடி. யாருக்கும் தெரியாத ஒரு குழுவின் முதல் வீடியோவில் பார்ப்பவருக்கு மிஞ்ச வேண்டியது, 'இவர்கள் யார்' என்ற கேள்விக்குப் பதில். பாடுகிற பெண்ணின் முகம், டிரம்ஸ் அடிப்பவர் எப்படித் தலையாட்டுவார், நீங்கள் கீபோர்டில் குனிந்துகொண்டே யாரைப் பார்த்துச் சிரிப்பீர்கள், இதெல்லாம்தான். நான்கு நிமிடத்தில் மூன்று நிமிடத்தை வேறு இருவரின் காதல் தோல்விக்குக் கொடுத்தால் உங்கள் காசில் அவர்களுக்கு நடிப்பு வாய்ப்புத் தேடிக் கொடுத்ததாகத்தான் ஆகும். அடுத்த மாதம் நீங்கள் மேடை ஏறும்போது கீழே நிற்பவனுக்கு உங்களை அடையாளம் தெரியாது. அதோடு, பாட்டு தோழியைப் பற்றி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காதல் எங்கிருந்து வந்தது?

2011 நவம்பரில் வந்த 'ஒய் திஸ் கொலவெறி டி' வீடியோவை நினைத்துப் பாருங்கள். சினிமாப் பாட்டுதான், பாடியவர் நட்சத்திரம்தான், உங்கள் நிலைமை வேறு. ஆனாலும் அந்த வீடியோவில் என்ன இருந்தது? ரெக்கார்டிங் ஸ்டூடியோ, ஹெட்போன், சிரிக்கிற நாலு பேர். இசையமைத்த அனிருத்துக்கு அதுதான் முதல் படம். அவரை ஊர் முதலில் பார்த்தது அந்த ஸ்டூடியோ அறையில்தான்.

சரி, எங்கே எடுப்பது? நீங்கள் கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்களே, அந்த மில்லில்தான்.

ஓடாத ரைஸ் மில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குப் பழகிப்போய்விட்டது, அதனால் கண்ணில் படவில்லை. உயரமான கூரை, உடைந்த ஓடு வழியாகச் சாய்வாக விழும் வெயில், அதில் மிதக்கிற தூசி, துருப்பிடித்த பெல்ட் சக்கரம், மூலையில் சாக்கு. வெளியே நெல் காயவைக்கிற சிமென்ட் களம் இருக்கும். சாயங்கால வெயில் அந்தத் தரையில் பட்டு முகத்துக்கு மேல்நோக்கி எழும்பும். சென்னையில் அந்த வெளிச்சத்துக்காக வெள்ளைத் துணியையும் தெர்மாகோலையும் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நிற்க வேண்டும். மணச்சநல்லூர் அரிசி என்று மாநிலம் முழுக்கத் தெரியும். அந்த ஊர் மில்லுக்குள்ளிருந்து ஒரு பாப் குழு வருகிறது என்றால் நான் நின்று பார்ப்பேன். மலை உச்சியில் கிடார் வாசிப்பவர்களைப் போதும் போதுமென்கிற அளவுக்குப் பார்த்தாயிற்று.

கதை வேண்டுமென்றால் ஒரே வரியில் வையுங்கள்: தோழி போவதற்கு முந்தின நாள், கடைசி ஒத்திகை. மில்லில் நான்கு பேர் வாசிக்கிறீர்கள், வாசலில் ஒரு பெட்டி நிற்கிறது. கடைசி ஷாட்டில் பெட்டி இல்லை. இதற்கு நடிகர் வேண்டாம்.

இப்போது பாட்டு. 4:52 மிக நீளம். முன்னிசையே முக்கால் நிமிடம் ஓடுமென்று நினைக்கிறேன், இந்த வகைப் பாட்டில் பெரும்பாலும் அப்படித்தான். வீடியோவுக்கென்று 3:20 அளவில் ஒரு எடிட் போடுங்கள். பத்து விநாடிக்குள் குரல் வந்துவிட வேண்டும். முழு நீளப் பாட்டை ஸ்ட்ரீமிங்கில் அப்படியே விட்டுக்கொள்ளலாம், அதை யாரும் தடுக்கவில்லை.

அப்புறம், ஷூட்டிங்குக்கு முன்பே மிக்ஸிங் (குரலையும் வாத்தியங்களையும் சேர்த்துச் சமன்செய்வது) முடிந்து, இனி மாற்றுவதில்லை என்று பாட்டைப் பூட்டிவிட வேண்டும். இதில் நான் பட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவுக்கு வீடியோ எடுத்தேன். காலையில் அவர்கள் போனில் அனுப்பிய ஃபைலைப் ப்ளேபேக்கில், அதாவது செட்டில் ஒலிக்கவிடும் பாட்டாகப் போட்டு, பதினாலு மணி நேரம் எடுத்து, பூசணிக்காய் உடைத்து வீட்டுக்கு வந்தாயிற்று. எடிட்டிங்கில் உட்கார்ந்தால் இரண்டாவது சரணத்திலிருந்து எந்த உதடும் பாட்டோடு ஒட்டவில்லை. கேமராவைச் சந்தேகப்பட்டோம், எடிட்டரைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால், முந்தின வாரம் சரணத்துக்கு முன்னால் ஒரு 'பார்' (ஒரு தாளச் சுற்று) கூட்டியிருக்கிறார்கள், எங்களுக்கு வந்தது பழைய ஃபைல். அதோடு, புது மிக்ஸில் அங்கிருந்து வேகத்தையும் நிமிடத்துக்கு ஒரு பீட் குறைத்திருந்தார்கள். தள்ளி வைத்துச் சரிசெய்யலாமென்றாலும் முடியவில்லை. அந்த வீடியோவில் இரண்டாவது சரணம் முழுக்கக் கைகளும் கால்களும் ஜன்னலும்தான் வரும். ரசனையாக எடுத்திருக்கிறார் என்று ஒருவர் பாராட்டவும் செய்தார்.

அதனால் ஃபைலின் பெயரிலேயே தேதியைப் போட்டு, ஒரே ஒரு பிரதியை மட்டும் செட்டுக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் நான்கு டிக் சத்தம் சேர்த்து வையுங்கள், எல்லோரும் ஒன்றாகத் தொடங்க வசதி. சினிமா யூனிட்டில் பழைய ஆட்கள் இந்தப் ப்ளேபேக்கை இன்னும் 'நாகரா' என்பார்கள். நாக்ரா என்பது சுவிட்சர்லாந்துக்காரர்கள் செய்த டேப் ரெக்கார்டரின் பெயர். மெஷின் போய் எத்தனையோ வருடமாயிற்று, 'நாகரா ஆன்' என்று கத்துவது மட்டும் நிற்கவில்லை.

ஸ்லோ மோஷன் வேண்டுமென்று பாடகி கட்டாயம் கேட்பார். கேட்கட்டும். ஆனால் சாதாரணமாகப் பாடியதை எடுத்து எடிட்டிங்கில் மெதுவாக்கினால் உதடு பாட்டோடு சேராது. கடைசி வீடியோ விநாடிக்கு 25 ஃப்ரேமில் (25 படங்களில்) இருக்கப் போகிறதென்றால், அந்த ஷாட்டை 50 ஃப்ரேமில் எடுங்கள், எடுக்கும்போது பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அந்த வேகத்துக்கே பாடச் சொல்லுங்கள். பிறகு பாதியாக மெதுவாக்கினால் தலைமுடியும் துணியும் மிதக்கும், உதடு மட்டும் சரியாகப் பாட்டில் உட்காரும். முதல் தடவை கேட்கும்போது குரல் அணில் கத்துவதுபோல இருக்கும், எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை ஒத்திகையிலேயே சிரித்துத் தீர்த்துவிடுங்கள்.

இப்படி எடுத்ததுதான் கோல்ட்ப்ளேயின் 'யெல்லோ', 2000-இல் வந்தது. இங்கிலாந்தின் டார்செட் பக்கம் ஸ்டட்லாண்ட் கடற்கரையில் முழுக் குழுவையும் வைத்து எடுப்பதாக ஏற்பாடு. அன்றைக்கு மழை. டிரம்மருடைய அம்மாவின் இறுதிச் சடங்கும் அன்றைக்கே. அதனால் பாடகர் கிறிஸ் மார்ட்டின் மட்டும் நனைந்த கோட்டோடு கரையில் நடந்துகொண்டே பாடினார். கேமரா அவரை விட்டு நகரவேயில்லை, வெட்டே இல்லாத ஒரே ஷாட். போட்ட திட்டம் எல்லாம் போன பிறகு மிஞ்சிய ஒரு முகத்தை வைத்துக்கொண்டுதான் எடுத்தார்கள்.

இனி அந்த ஒரு நாளை எப்படி ஓட்டுவது. மொத்தம் பதினாலு தடவை பாட்டை முழுசாக ஓட்டுங்கள். நால்வரும் சேர்ந்து தெரிகிற வைடில் மூன்று, உங்கள் ஒவ்வொருவருக்கும் தூரத்திலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, பாடகிக்கு மட்டும் கூடுதலாக மூன்று. இடம் மாற்றி, வெளிச்சம் திருத்தி, தண்ணீர் குடிப்பதையும் சேர்த்து ஒரு தடவைக்கு இருபது நிமிடம் வையுங்கள். நாலே முக்கால் மணி நேரத்துக்குள் வீடியோவின் முதுகெலும்பு கையில் இருக்கும். அந்த ஸ்லோ மோஷனை அதற்குப் பிறகு எடுங்கள். பெட்டி, வாசல், களம் எல்லாம் மீதி நேரத்தில். அழகான சின்னச் சின்ன ஷாட்டில் காலையைச் செலவழித்துவிட்டு, வெளிச்சம் போகிற நேரத்தில் பாடகியின் முகத்துக்கு ஓடுகிற தப்பை எல்லாப் புதியவர்களும் செய்கிறார்கள். நானும் செய்தேன்.

பாடகியை வாயசைக்கச் சொல்லாதீர்கள், சத்தமாகப் பாடச் சொல்லுங்கள். வாயை மட்டும் அசைத்தால் கழுத்து நரம்பு அசையாது, அது திரையில் உடனே தெரிந்துவிடும். டிரம்ஸில் துணியைப் போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் அவருக்கே பாட்டு கேட்காது. காதில் சின்ன இயர்போன் ஒன்று, முடி மறைக்கிற பக்கம். கிடாரில் கேபிளைச் செருகி வையுங்கள், மறுமுனை சாக்குக்குப் பின்னால் எங்கேயாவது கிடக்கட்டும். கேபிள் இல்லாமல் எலெக்ட்ரிக் கிடார் முழங்குகிற வீடியோவைப் பார்த்தால் வாசிக்கத் தெரிந்தவர்கள் அந்த இடத்திலேயே சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

மில்லில் ட்யூப்லைட் எரியுமென்றால் கேமரா நண்பரிடம் ஒன்று சொல்லுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 25 ஃப்ரேமுக்கு ஷட்டர் வேகம் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒன்று, ஸ்லோ மோஷனுக்கு நூறில் ஒன்று என்று வைத்தால் வெளிச்சம் துடிக்காது. கேமராவில் முதலில் இருந்த 24-ஐயும் நாற்பத்தெட்டில் ஒன்றையும் அப்படியே விட்டால் படம் முழுக்கப் பட்டை ஓடலாம். நெருப்பு, பட்டாசு, கலர் புகைக்குச்சி எதுவும் உள்ளே கூடாது. உமியும் தவிட்டுத் தூசியும் இருக்கிற இடம். லென்ஸ் மாற்றுவதையும் வெளியே காருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பர் கேமராவைப் பார்க்கட்டும். இயக்குவதற்கு வேறொருவர் மானிட்டர் முன்னால் உட்கார வேண்டும். நீங்கள் கீபோர்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு உங்கள் வீடியோவை இயக்க முடியாது. காசு கொடுத்துத்தான் ஆள் பிடிக்க வேண்டுமென்பதில்லை. உங்களிடம் தயங்காமல் 'நல்லாயில்லை, இன்னொரு தடவை' என்று சொல்லக்கூடிய ஒருவர் போதும்.

பணத்தை இப்படிப் பிரிப்பேன். முதலில் ஐம்பதாயிரத்தை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள், அது வெளியீட்டுக்கு. மீதி ஒரு லட்சத்தில் கேமரா, லென்ஸ், ஆட்களுக்கு 35,000. லைட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் 20,000. சாப்பாடு, வண்டி, பேட்டா 15,000. எடிட்டிங், கலர் 12,000. உடை, மேக்கப், செட்டைச் சுத்தம் செய்வது 10,000. கடைசி 8,000 கையில் இருக்கட்டும், அது எதற்கென்று அன்றைக்குத்தான் தெரியும். நண்பர் காசு வேண்டாம் என்பார். கொடுங்கள். சும்மா செய்கிற நண்பரிடம் மூன்றாவது திருத்தம் கேட்கும்போது வாய் வராது. சாப்பாட்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மூன்று மணிக்கு டீயும் வடையும் வராத செட்டில் நாலு மணிக்கு மேல் நல்ல ஷாட் வந்து நான் பார்த்ததில்லை.

காகித வேலை போர்தான், ஆனால் இரண்டு விஷயத்தை விட்டுவிடாதீர்கள். பாட்டில் இணையத்திலிருந்து எடுத்த தாளத் துண்டு ஏதாவது இருந்தால் அதன் உரிமம் என்ன சொல்கிறது என்று படியுங்கள். அதே துண்டை வேறு யாராவது தங்கள் பாட்டில் வைத்து யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (யாருடைய பாட்டு என்று தானாகக் கண்டுபிடிக்கிற ஏற்பாடு) பதிந்திருந்தால், வெளியிட்ட அன்றே உங்கள் வீடியோ மேல் உரிமை கோரல் வந்து நிற்கும். இரண்டாவது, வரிகளை எழுதியவர் குழுவுக்கு வெளியே என்றால் எழுத்தில் வாங்குங்கள். காப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று எழுதாமல் விட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும்தான் எடுத்துக்கொள்ளும். நால்வருக்குள்ளும் யாருக்கு எவ்வளவு என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், சண்டை இல்லாத இந்த நாளிலேயே.

கொண்டுபோய்ச் சேர்ப்பது செட்டிலேயே தொடங்குகிறது. பாடகியின் கோரஸை ஒரு தடவை போனைச் செங்குத்தாகப் பிடித்துத் தனியாக எடுங்கள். அகல வீடியோவை வெட்டிச் செங்குத்தாக்கினால் டிரம்மர் காணாமல் போவார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் ஸ்டில் எடுங்கள், தம்ப்நெயிலும் போஸ்டரும் அதிலிருந்துதான் வரும். பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு மூன்று நான்கு வாரம் முன்னாலேயே டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டை அந்தத் தளங்களில் ஏற்றித் தருகிற நிறுவனம்) வழியாக அனுப்பிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையில் பாட்டுப் பட்டியல்களைத் தேர்ந்தெடுக்கிற ஆசிரியர் குழு பார்வைக்குப் பாட்டைக் குறைந்தது ஏழு நாள் முன்னால் கொடுத்துவிடுங்கள். வீடியோ வருகிற அன்றைக்கே ரீல்ஸிலும் உங்கள் பாட்டைத் தேடினால் கிடைக்கிற மாதிரி இருக்க வேண்டும். ஒருவருக்குப் பிடித்து, தேடி, கிடைக்காமல் போனால் அவர் மறுபடி வரமாட்டார். பெரிய நட்சத்திரத்தின் படமோ பாட்டோ வருகிற வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

வியூஸ் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் போன் செய்வார். லட்சம் வியூஸ், பத்து கமென்ட், ஒன்றும் தமிழில் இருக்காது. அந்தப் பணத்தில் திருச்சி, தஞ்சாவூர், கரூர் என்று மூன்று ஊருக்கு மட்டும் குறிவைத்து விளம்பரம் போடுங்கள், உங்களை நேரில் வந்து பார்க்கக்கூடியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கூடவே, எடிட் செய்யாத இரண்டு நிமிட நேரடி வாசிப்பு ஒன்றையும் அதே மில்லில் அதே நாளில் எடுத்துவிடுங்கள், அசல் சத்தத்தோடு. உங்கள் ஊர் என்.ஐ.டி-யில் செப்டம்பரில் ஃபெஸ்டெம்பர் என்ற கலைவிழா நடக்கிறது, மற்ற கல்லூரிகளில் கல்ச்சுரல்ஸ் சீசன் வரும். கூப்பிடுகிற மாணவர்களுக்கு வீடியோவின் அழகு பெரிய விஷயமில்லை, மேடையில் இவர்களால் வாசிக்க முடியுமா என்றுதான் பார்ப்பார்கள். இந்த இரண்டு நிமிடத்தைத்தான் அவர்களுக்கு அனுப்ப வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மில்லுக்குப் போங்கள். காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு வரை, மணிக்கு ஒரு தடவை வெயில் எங்கே விழுகிறதென்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதி, போனில் ஒரு படம் எடுங்கள். பன்னிரண்டு படம் வரும். அதை எனக்கு அனுப்புங்கள், டிரம்ஸை எங்கே வைப்பது என்று சொல்கிறேன்.